மைக் செட்காரன் கேட்ட தனி நாடு

மேடையில் பேசினவர் காரில் போய்விடுவார், கேட்டவர்கள் நடந்து போய்விடுவார்கள். ஒயரைச் சுருட்டி, புனல் ஸ்பீக்கரை இறக்கி, பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கடைசியாகப் போகிறவன் மைக் செட்காரன். மேடைப் பேச்சில் அடிபட்ட காது உங்களுக்கும் இருக்கும். ஆனால் நீங்கள் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பீர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. 'நன்றி, வணக்கம்' வருகிற வரைக்கும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் பெயர் ஜெயராஜ். குத்தாலம் கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. கல்யாணம், காதுகுத்து, வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குப் போடுகிற தண்ணீர்ப் பந்தல் என்று எல்லாவற்றுக்கும் செட் கட்டியிருக்கிறேன். ஆனாலும் திராவிட நாடு கேட்டு ஊர் ஊராகக் கூட்டம் போட்ட வருஷங்களில்தான் எனக்கு ஓய்வில்லாமல் வேலை இருந்தது. எங்களுடையது லுத்தரன் மிஷன் குடும்பம். தாத்தா சேரியிலிருந்து வந்தவர். மற்ற செட்காரர்கள் சேரிக்குள் கால் வைக்க மாட்டார்கள் என்பதால் அந்தப் பக்கத்துக் கூட்டங்கள் எல்லாம் என்னிடம்தான் வந்தன.

காவிரி முழுசும் நமக்கு

எங்கள் பக்கம் கட்சியின் கிளைச் செயலாளர் தையற்கடை கோவிந்தராசு. புதுக்கட்டளை கிராமத்தில் முதல் கூட்டம் போட்டபோது, வெள்ளைத் துணியில் திராவிட நாட்டுப் படத்தை அவரே தைத்து மேடைக்குப் பின்னால் தொங்கவிட்டார். எல்லைக்குச் சிவப்பு நூல், காவிரிக்கு நீல நூல். தஞ்சாவூரிலிருந்து வந்த பேச்சாளர் அந்த நீல நூலைக் காட்டி, குடகிலிருந்து பூம்புகார் வரை காவிரி நம் நாட்டுக்குள்ளேயே ஓடும், தண்ணீருக்காக எவனிடமும் போய் நிற்க வேண்டாம் என்றார். ஊர்ப் பண்ணைக்குச் சொந்தக்காரரான மிராசுதார்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலையை ஆட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஊர்ப் பண்ணையில் தலைமுறையாக வேலை செய்கிற வீராசாமி. நம் ஊர் இதில் எங்கே என்று கேட்டார். கோவிந்தராசு நீல நூல் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "பண்ணை எங்கங்க இருக்கு?" என்றார் வீராசாமி. "இவ்வளவு பெரிய நாட்டுல பண்ணையெல்லாம் எங்கய்யா தெரியும்? அதெல்லாம் இதுல கிடையாது" என்று கோவிந்தராசு சிரித்தார். வீராசாமி சிரிக்கவில்லை. தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பண்ணையே கிடையாதா? அப்ப நான் இன்னிக்கே கட்சியில சேந்துடறேங்க."

புனல் கட்ட இடம்

அடுத்த கூட்டம் சேரிக்குள்ளேயே. புனலை உயரமாகக் கட்டினால்தான் சத்தம் நாலு தெருவுக்குப் போகும். வாய்க்கால் ஓரத்துத் தென்னையில் நான் பாதி ஏறியிருந்தேன். அதற்குள் பண்ணைக் காரியக்காரர் குடையோடு வந்துவிட்டார். "எறங்குடா கீழே. மரம் பண்ணையோடது" என்றார். சரி, மூங்கில் நட்டுக் கட்டிக்கொள்கிறோம் என்றார் கோவிந்தராசு. "மண்ணும் பண்ணையோடது. குழி தோண்டினா கையை ஒடிப்பேன்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்க்க அங்கேயே நின்றார்.

வீராசாமி முன்னால் வந்தார். புனலைக் கட்டின மூங்கிலை வாங்கித் தோளில் சாய்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேச்சாளருக்கு நல்ல தொண்டை. ஆள் மாற்றலாம் என்று நான் இரண்டு மூன்று தடவை சைகை காட்டியும் வீராசாமி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கூட்டம் முடிந்து மூங்கிலை வாங்கியபோது அவருடைய கைகளை நான்தான் விரித்துவிட வேண்டியிருந்தது. அவ்வளவு இறுகிப் போயிருந்தன. பேச்சு எப்படி இருந்தது என்று சும்மா கேட்டு வைத்தேன். "காதுகிட்டயே கத்துனதுல ஒண்ணும் வெளங்கலண்ணே. ஆனா நம்ம நாடு, நம்ம நாடுன்னு அவரு சொன்னப்பல்லாம் மூங்கில் அதிந்துச்சு பாருங்க, அது நெஞ்சு வரைக்கும் வந்துச்சு."

இரண்டு பெயர்

வீராசாமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவரும் மனைவி அஞ்சலையும் குழந்தையை மேடைக்குத் தூக்கி வந்தார்கள். பேச்சாளர் வாங்கி, என் மைக்குக்கு முன்னால் நீட்டி, 'திராவிடச்செல்வி' என்று பெயர் வைத்தார். குழந்தை வீரிட்டு அழுதது நாலு தெருவுக்கும் கேட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

பண்ணை வீட்டு அம்மா அந்தப் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லையாம். மாட்டுத்தொழுவத்தில் சாணி அள்ள வருகிறவளின் பிள்ளைக்கு வாயில் நுழையாத பெயர் எதற்கு என்று அவரே வேறு ஒன்று வைத்துவிட்டார். ஒரு நாள் வாய்க்கால் மதகடியில் அஞ்சலை அந்தப் பெயரைச் சொல்லித்தான் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. என்ன இது என்றேன். அஞ்சலை குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வீட்டுல திராவிடச்செல்விண்ணே. பண்ணைக்குப் பக்கத்துல இருந்தா கருப்பி. நம்ம நாடு வந்தப்பறம் ஒரே பேரா வச்சுக்கலாம்."

பிரித்த நூல்

இடையில் ஒரு மறியலில் கோவிந்தராசுவும் வீராசாமியும் திருச்சி ஜெயிலுக்குப் போய் வந்தார்கள். திரும்பி வந்த வீராசாமிக்குப் பண்ணையில் ஏர் பிடிக்க வேலை கொடுக்கவில்லை. மடை திருப்பவும் வரப்பு வெட்டவும் மட்டும் கூப்பிட்டார்கள். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஜெயிலில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டதைத்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு சீனாக்காரன் சண்டை வந்தது. பிரிவினை பேசுகிறவன் தேர்தலில் நிற்க முடியாது என்று சட்டமும் வந்தது. கட்சி தனி நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. அதை விளக்கிக் குத்தாலத்தில் ஒரு கூட்டம். பேச்சாளர் நன்றாகத்தான் விளக்கினார். ஆனால் வழக்கமாகக் கைதட்டு வாங்குகிற இடங்களில் அவர் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஜனங்களுக்குத் தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வீராசாமி என் பக்கத்தில் குந்தியிருந்தார். "விட்டுட்டாங்கங்கிறாரே, யாரைக் கேட்டு விட்டாங்க?" என்று என்னைக் கேட்டார். நான் மைக்கை முறைத்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் தையற்கடைக்குப் போனேன். படத்தை இனி எங்கேயும் தொங்கவிடக் கூடாது என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்களாம். கோவிந்தராசு பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். சிவப்பு நூல் ஒரு பக்கம், நீல நூல் ஒரு பக்கம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "நல்ல துணிதான் ஜெயராஜு. ஆனா பாரு, ஊசி போன எடமெல்லாம் ஓட்டை. என்ன பண்ணியும் மூட மாட்டேங்குது."

எந்த மரத்திலும்

கட்சி ஆட்சிக்கு வந்தது. புதுக்கட்டளையில் வெற்றி விழாக் கூட்டம். தலைமை தாங்கியவர் மிராசுதாரின் மூத்த மகன். தேர்தலுக்குச் சற்று முன்னால்தான் அவர் கட்சிக்கு வந்திருந்தார். கரை வேட்டி அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது. கோவிந்தராசுவுக்கு மேடையின் ஓரத்தில், மைக் ஸ்டாண்டு மறைக்கிற இடத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

நான் புனலோடு எங்கே கட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதே காரியக்காரர், அதே குடை. வேகமாக என் பக்கம் வந்தார். நான் ஏணியை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தேன். அவர் என் தோளைத் தட்டி, தென்னையைக் காட்டிச் சிரித்தார். "எங்கய்யா போறே? இப்ப நம்ம கட்சிதானே! எந்த மரத்துல வேணாலும் ஏறிக் கட்டு."

பறிமுதல்

குறுவை அறுவடைக்குக் கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள் சேரி ஆட்கள். பண்ணை மறுத்தது. ஆட்கள் அறுப்புக்கு இறங்கவில்லை. வீராசாமி இப்போது விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். கட்சியிலிருந்தும் விலகவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தார். சங்கக் கூட்டத்துக்கு என்னைச் செட் கட்டக் கூப்பிட்டார். கட்டினேன். முதல் ஆள் பேச ஆரம்பிப்பதற்குள் போலீஸ் வந்து மைக்கைப் பிடுங்கி, ஆம்ப்ளிஃபயரை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது.

கோவிந்தராசு, வீராசாமி, நான் மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். கோவிந்தராசு வெளுத்த கரை வேட்டியும் கட்சித் துண்டுமாக வந்திருந்தார். ஜெயிலுக்குப் போனவன் நான், இது எங்கள் ஆட்சி, கூட்டம் போட எங்களுக்கு உரிமை உண்டு என்று நிமிர்ந்து நின்று பேசினார். சப்-இன்ஸ்பெக்டர் முழுசும் கேட்டுக்கொண்டார். மரியாதையாகவே பதில் சொன்னார்: "நீங்களே சொல்லிட்டீங்க, உங்க ஆட்சின்னு. அப்புறம் யாரை எதிர்த்துங்க கூட்டம்?"

கும்பகோணம் பஸ்

பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பை முடித்துவிட்டது. வீராசாமி குடியிருந்த மனை பண்ணைக்குச் சொந்தம். போர் அடித்து முடிந்த கையோடு ஒரு காலையில் பண்ணை அனுப்பிய ஆட்கள் வந்து அவர் வீட்டுக் கூரையைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அஞ்சலை பானை சட்டிகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். திராவிடச்செல்வி பள்ளிக்கூடம் போய்விட்டாள். வீராசாமி மேலே ஏறி, கீற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தார். மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். வலது மணிக்கட்டு உடைந்தது.

தகவல் தெரிந்து நான் ஓடினேன். கடைத்தெரு வரை வண்டியில் கொண்டுவந்து, கும்பகோணம் பஸ்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தோம். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்தார்.   பதின்மூன்று ஊர்ப் பேச்சாளர்களுக்குச் சத்தம் கூட்டிக் கொடுத்தவன் நான், பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்ல ஒரு ஆறுதல் வரவில்லை.

அன்று சாயங்காலம் கோவிந்தராசு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நேராக மிராசுதாரின் மகனிடம் போய்விட்டு வந்திருந்தார். கட்சிக்காக ஜெயிலுக்குப் போனவனின் வீட்டைப் பிரிக்கலாமா என்று கேட்டாராம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கிடைத்த பதிலை அப்படியே எங்களிடம் சொன்னார்: "'கட்சி வேற, மனை வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க தையக்காரரே'ன்னு சொல்லி எனக்கு மோர் குடுத்து அனுப்பிச்சாரு."

பெயர் மாறியது

சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது. எனக்கும் சந்தோஷந்தான், அதை மறைப்பானேன்? குத்தாலத்தில் பெரிய விழா, ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த என் செட்தான். புனல்களில் ஒன்று காவிரிப் பக்கம் திரும்பியிருந்தது. மிராசுதாரின் மகன் இனிப்பு வழங்கினார். கோவிந்தராசு வரவில்லை. அவர் துண்டு போடுவதை நிறுத்தியிருந்தார்.

மறுநாள் காவிரிப் படுகைக்குப் போனேன். அங்கே புறம்போக்கில் கீற்று மறைப்புக் கட்டிக்கொண்டு வீராசாமி குடும்பத்தோடு இருந்தார். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. அறுவாள் பிடிக்க முடியாது, மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலை கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். நேற்றுப் பேச்சு இங்கே வரைக்கும் கேட்டதா என்றேன். நன்றாகக் கேட்டது என்றார் வீராசாமி. வெள்ளம் வந்தால் இந்த இடமும் போய்விடும், எழுந்து போகச் சொல்லி ரெவின்யூ ஆட்கள் வேறு வந்துவிட்டுப் போனார்கள் என்றும் சொன்னார்.  பிறகு என் பக்கம் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்: "பேரு மாறிடுச்சு, சரிண்ணே. இந்தப் புறம்போக்கும் அதுல சேத்திதானா?"

நாட்டைப் பிரிப்பதைப் பற்றி அத்தனை வருஷம் அத்தனை பேர் என் மைக்கில் பேசினார்கள். என் கண் முன்னால் உண்மையில் பிரிக்கப்பட்டது வீராசாமி வீட்டுக் கூரை ஒன்றுதான்.