விட்டுக்கொடுத்த திங்கட்கிழமை

லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் மெக்கானிக் ஒருபோதும் ‘பயப்படாதீங்க’ என்று சொன்னதில்லை. சொன்னால் பயம் கூடும். மூடிய கதவில் வாயை ஒட்டிவைத்து, “சார், எட்டாவது மாடியிலதானே ஏறினீங்க?” என்று கேட்பார். ஆறில் ஏறியவர் உள்ளேயிருந்து கத்துவார்.

“எட்டு இல்லய்யா, ஆறு!”

“கீழே எட்டுன்னு சொன்னாங்களே.”

“ஏறினது நானா அவங்களா?”

கோபம் வந்தால் மூச்சு ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். அதற்குள் மேலே மெஷின் ரூமில் இருக்கும் கூட்டாளி சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை ஏதாவது ஒரு தளத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். முப்பது வருடத் தொழிலில் மெக்கானிக் சொந்தமாகக் கண்டுபிடித்தது இந்த ஒன்றுதான். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வது.

ஐம்பதாவது வயதில் அவரே மாட்டிக்கொண்டார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரைக்கு டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்று ரத்தத்தை வெளியே எடுக்கும், இன்னொன்று சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது.

அந்த அறையில் ஒரு டிவி இருந்தது. ரிமோட் தொலைந்துபோன நாளிலிருந்து அதில் விளையாட்டுச் சேனல் ஒன்றே ஓடியது. டென்னிஸ் ராக்கெட்டைக் கையால் தொட்டிராத மெக்கானிக், ஆறே மாதத்தில் டென்னிஸுக்காகச் சண்டை போடும் மனிதராகிவிட்டார். சண்டைக்குப் பக்கத்து நாற்காலியிலேயே ஆள் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஏழு வயது மூத்தவர், இந்த அறைக்கும் மூத்தவர்.

மெக்கானிக்குக்குச் சுவிஸ்காரர்தான் உலகம் கண்ட பெரிய ஆட்டக்காரர். கண்ணாடிக்காரருக்குச் செர்பியாக்காரர்.

“பட்டத்தை எண்ணுய்யா. உங்காளு இருபது, எங்காளு இருபத்து நாலு. எண்ணத் தெரியலன்னா சொல்லு, கண்ணாடி போட்டுத் தர்றேன்.”

“விம்பிள்டன்ல அன்னிக்கு மொத்தப் பாயிண்ட்டை எண்ணுங்க. எங்காளு பதினாலு அதிகம்.”

“அதிகம் எடுத்தும் தோத்தாரு பாரு, அதுக்குத் தனித் திறமை வேணும்! கடைசி செட்டு, சர்வும் தன் கையில, நாப்பதுக்குப் பதினஞ்சு. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தா கோப்பை. அங்க கோட்டை விட்டவரு பெரிய ஆளா?”

இந்த இடத்தில் யாராவது ஒருவருடைய மெஷின் அலறும். சிஸ்டர் வந்து நிற்பார். அரை மணிக்கொரு தடவை பிரஷர் பார்க்கும் பட்டை கையில் இறுகும்போது டென்னிஸ் பேசக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். “ரெண்டு பேரும் ஏத்திவைக்கிற பிரஷருக்கு நான் டாக்டர்கிட்ட திட்டு வாங்கணுமா?”

அந்த அறையில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரே ஒரு தடவை தவிர. ஜன்னலோர நாற்காலியில் ரயில்வே சிக்னல்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு அந்தக் காலத்து ஆஸ்திரேலியாக்காரர்தான் தெய்வம். இடதுகைக்காரர், ஒரே வருடத்தில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றவர், அதையும் இரண்டு தடவை செய்தவர். சிக்னல்காரரின் இதயம் இனித் தாங்காது என்று தெரிந்த வாரம், இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு அவரிடம் தோற்றார்கள். “நீங்க சொன்னதுதான் சரி, உங்காளுதான் பெரியவரு.” அவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாம் நாள் ஜன்னலோர நாற்காலியில் வேறு ஆள்.

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை, ஊசி ஏறிய பத்தாவது நிமிடத்தில், கண்ணாடிக்காரர் வாயைத் திறந்ததும் மெக்கானிக்குக்குப் பயம் பிடித்தது.

“தம்பி, யோசிச்சுப் பார்த்தேன். உங்காளுதான் பெரிய ஆட்டக்காரர். நான் சும்மா வம்பு பண்ணிட்டு இருந்தேன்.”

தம்பி. ஒன்றரை வருடத்தில் ‘யோவ்’ தவிர வேறு சொல் அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மெக்கானிக்குக்கு இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்திருந்தார்கள். ரிப்போர்ட் டாக்டரிடம் இருந்தது. தனக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருக்கிறது. மனைவி சொல்லியிருப்பாளா? நேற்று அவள் உப்பில்லாத சோற்றைப் பரிமாறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாளே?

“யாரு உங்ககிட்ட சொன்னது?”

“என்னத்தை?”

“என் ரிப்போர்ட்டு.”

“உன் ரிப்போர்ட்டு எனக்கெதுக்குத் தம்பி?”

மறுபடியும் தம்பி. பட்டை இறுகியது. நூற்றுத் தொண்ணூறு. சிஸ்டர் ஓடிவந்தார். “காலையிலேயே ஆரம்பிச்சிட்டீங்களா?”

“இன்னிக்கு நாங்க ஆரம்பிக்கவே இல்ல சிஸ்டர். அதான் பிரச்சினை. டாக்டர் எப்ப வருவாரு?”

“ஒன்பது மணிக்கு.”

ஏழேகால் ஆகியிருந்தது. எழுந்து போய் யாரையும் உலுக்கிக் கேட்க முடியாது. கை மெஷினோடு கட்டப்பட்டிருந்தது. தன் ரத்தம் குழாயில் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தபடி கிடந்தார். மகளின் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம். பன்னிரண்டு நாளில் என்ன செய்துவிட முடியும்?

ஒன்பது இருபதுக்கு டாக்டர் வந்தார். காகிதத்தைப் புரட்டினார். “இதயம் நல்லாத்தான் இருக்கு. தண்ணியை மட்டும் குறைங்க.”

“நிஜமாவா சார்?”

“பொய் சொல்ல எனக்கு நேரம் ஏது?”

மெக்கானிக் மூச்சை விட்டார். பிரஷர் இறங்கியது. மனைவி முகத்தைத் திருப்பியது உப்பில்லாத சோற்றை அவளும் தின்ன வேண்டியிருந்ததற்காக இருக்கும். சிரிப்பு வந்தது. இதைச் சொல்லிச் சிரிக்கப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

தனக்கு ஒன்றுமில்லை என்றால், அந்த விட்டுக்கொடுத்தல் யாருக்காக?

காலையில் கண்ணில் பட்டும் மனதில் பதியாதவை இப்போது ஒவ்வொன்றாக வந்தன. கண்ணாடிக்காரர் இன்று பை நிறையக் கொண்டுவந்திருந்தார். மூன்று வாரமாக இழுத்தடித்த சிஸ்டரின் கண்ணாடி, துப்புரவு அம்மாவின் உடைந்த பிரேம், லேப்காரருக்குப் புது லென்ஸ். எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்தார். கைவசம் இருந்த வேலையை முழுக்க முடித்திருந்தார். ஏ.சி. குளிருக்கு அவர் வைத்திருந்த போர்வையை மடித்து, “யாருக்காவது குடுத்துடும்மா” என்று துப்புரவு அம்மாவிடம் நீட்டினார். அவர் வாங்காமல் நாற்காலியிலேயே வைத்துவிட்டார். எடை பார்க்கும்போது ஐந்து கிலோ கூடியிருந்தது. அளந்து குடிக்க வேண்டிய தண்ணீரை ஆசை தீரக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். திரும்பி வர நினைப்பவர் யாரும் அப்படிக் குடிப்பதில்லை. வராமல் போனால் ஓரிரு வாரம்தான்.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். “புதன்கிழமை வருவீங்களா?”

கண்ணாடிக்காரர் கண்ணை மூடியிருந்தார்.

“உங்களைத்தான்.”

“மூணு வருஷம் ஆச்சு. போதும்.”

“உங்க மகளுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா விடுவாளா?”

“சிஸ்டரைக் கூப்பிடறேன்.”

“கூப்பிடு. ஊசியை இப்பவே பிடுங்கிட்டு எழுந்து போயிடுவேன்.” சத்தமே இல்லாமல் சொன்னார். வலது கை இடது கை ஊசியின் மேல் போய் நின்றது. “விட்டுடு தம்பி. உங்காளுதான் பெரியவருன்னு சொல்லிட்டேன்ல. சந்தோஷமா இரு.”

மணி ஒன்பதே முக்கால். முதலில் ஊசி ஏற்றிய கண்ணாடிக்காரருக்குப் பத்தரைக்கு முடிந்துவிடும், தனக்குப் பதினொன்று ஆகும். மூடிய கதவுக்கு முன்னால் எத்தனையோ தடவை நின்றிருக்கிறார். அப்போதெல்லாம் எந்தத் தப்பைச் சொல்வது என்று யோசித்ததில்லை.

டிவியில் யாரோ செம்மண் தளத்தில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க சொன்னதும் சரிதான்,” என்றார் மெக்கானிக். “உங்காளுக்கு மண் தரையில என்ன இருக்கு? பிரெஞ்சு ஓப்பன் ஒரே தடவைதான். எங்காளு மாதிரியே.”

மூடிய இமைக்குள் கண் லேசாக அசைந்தது.

“ஒரே ஒரு தடவை,” என்றார் மெக்கானிக் மறுபடியும்.

“சரி, ஒண்ணுன்னே வச்சுக்க.”

இத்தனை வருடத்தில் லிப்டுக்கு உள்ளேயிருந்து மெக்கானிக்குக்கு இப்படி ஒரு பதில் வந்ததில்லை. ஒத்துக்கொள்கிறவரை எப்படி வெளியே எடுப்பது? மெஷின்கள் சுற்றின. பத்தரை. சிஸ்டர் கண்ணாடிக்காரரின் குழாய்களைக் கழற்ற வந்துவிட்டார். ஊசிகளை உருவி, பஞ்சை வைத்து, “பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க” என்று விரல்களை அதன் மேல் வைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

கண்ணாடிக்காரர் ஒரு கையால் மறு கையை அழுத்தியபடி எழுந்தார்.

“அந்த ஒண்ணும் உங்காளு ஜெயிச்சதில்ல,” என்றார் மெக்கானிக், அறைக்கே கேட்கும்படி. “எதிராளிக்குக் கால் பிசகி, பாதியில போயிட்டான். சும்மா நின்னவருகிட்ட கோப்பையைக் குடுத்தாங்க.”

கண்ணாடிக்காரர் நின்றார்.

“யாருய்யா பாதியில போனது?”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“யோவ்! முதல் ரெண்டு செட்டையும் தோத்துட்டு, அஞ்சாவது செட்டு வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போய் ஜெயிச்சாருய்யா! அது ஒண்ணு. அதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. மூணு! மூணு தடவை!”

பஞ்சை விட்டுவிட்டு மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே ரத்தம் சரசரவென்று இறங்கித் தரையில் சொட்டியது. சிஸ்டர் கத்திக்கொண்டு ஓடிவந்து, தன் கட்டைவிரலால் அழுத்தி அவரை நாற்காலியில் உட்கார்த்தினார்.

“நான் நம்ப மாட்டேன்,” என்றார் மெக்கானிக். “கண்ணால பார்க்கணும்.”

“காட்டறேன்யா. கடையில பேப்பர் எல்லாம் கத்தரிச்சு வச்சிருக்கேன். கொண்டாந்து உன் மூஞ்சிக்கு நேரா…”

சட்டென்று நிறுத்தினார். என்ன சொல்ல வந்தோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ரத்தம் நின்றதும், கட்டுப் போட்டதும், எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு போனார். போர்வை நாற்காலியிலேயே கிடந்தது.

மெக்கானிக் கதவின் ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தார். வெளியே நின்று பேச்சுக் கொடுப்பது பாதி வேலைதான். சக்கரத்தைச் சுற்ற மேலே ஒரு ஆள் வேண்டும்.

“சிஸ்டர்,” என்றார். “அவர் மகள் நம்பர் உங்க நோட்டுல இருக்கா? இப்பவே வேணும்.”