இரண்டு கையாலும் எடுத்த கொழுந்து

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி வந்து, பசறையில் சொந்தமாக ஹார்ட்வெயார் கடை போட்டு, மகளைக் கம்ப்யூட்டர் படிக்கவைத்தேன். எனக்கு விளங்காத சாமான் உலகத்தில் இல்லை என்றுதான் இருந்தேன்.

போன நத்தார் லீவுக்கு வந்த மகள், தான் செய்துகொண்டிருந்த விளையாட்டு ஒன்றை தொடுதிரை டெப்பில் போட்டு மேசையில் வைத்தாள். திரையில் தேயிலைச் செடி. கொழுந்தை விரலால் இழுத்துக் கூடையில் போடவேண்டும். முப்பது வருடம் மலையில் கொழுந்து எடுத்த அம்மாதான் முதலில் ஆடவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

என் மனைவி ஆடினாள். கொழுந்து பாதி வழியில் நழுவிச் செடிக்கே திரும்பியது. மகள் ஆடினால் ஒரு குறையும் இல்லை.

"காப்புக் காய்ச்சுப்போன கை. கண்ணாடிக்கு எங்க புரியப்போவுது?" என்றேன், எல்லாம் தெரிந்தவனாக.

மனைவி சிரிக்கவில்லை. கைகளைச் சேலையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "நீயே வெளாடு பாப்பா. எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று எழுந்தாள்.

மகள் விடவில்லை. எதையோ மாற்றினாள், விரல் பட்ட இடமெல்லாம் புள்ளி தெரிந்தது. "இன்னொருக்கா மட்டும்மா."

அப்போதுதான் பார்த்தோம். மகள் ஆடியது ஒரு விரலால். இவளோ மலையில் எடுப்பதுபோல இரண்டு கையாலும் ஒன்றாக எடுக்கிறாள். ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. இடது கையைத் தூக்கும்போதுதான் வலது கைக் கொழுந்து நழுவியது.

"உங்க கை சரிம்மா. தப்பு எங்கிட்ட. நிக்கிற வரிசைய வச்சு விரல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டேன். மொத விரலு போனா ரெண்டாவது ஒண்ணாயிருது. வேற ஆளுன்னு நெனச்சுக் கொழுந்த விட்டுருது."

"ஏன்டி, காலையில பேரு போடுற பெரட்டு வரிசையில முன்னுக்கு நின்னவ போயிட்டா, பின்னுக்கு நின்னவ பேரு மாறிருமா?"

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். "அதேதாம்மா! தூக்குற வரைக்கும் மாறாத நம்பரு ஒவ்வொரு விரலுக்கும் இருக்கு. நான்தான் அதப் பாக்கல."

தேத்தண்ணி ஆறுமுன் திருத்திவிட்டாள். மனைவியின் கூடை நிரம்பி வழிந்தது. நானும் உட்கார்ந்தேன். நாலே கொழுந்து.

"மொதலாளிக்கு இன்னைக்கு அரைப்பேருதான்" என்றாள் மனைவி, கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் அரைநாள் சம்பளம் போடுவதுபோல.

"எப்பிடி எடுக்கணும், காட்டு" என்று அவள் கைகளைப் பிடித்துத் திரைப்பக்கம் இழுத்தேன்.

அவள் துடைக்காமலே கொடுத்தாள்.