இருபத்து மூன்று கிலோ ஆம்ப்ளிஃபயர்

எங்கள் இசைக்குழுவின் கீபோர்டுக்காரர் பொய் சொல்கிறார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆயுதபூஜை நிகழ்ச்சியில் பேஸ் கிட்டார் கேட்கவே இல்லையாம். ஜனங்கள் ஆடியதெல்லாம் இவருடைய இடது கை வாசித்த பேஸுக்குத்தானாம். வாட்ஸப் குழுவில் ஒரு நிமிடத்துக்குப் பேசிப் போட்டிருக்கிறார். நடந்தது என்ன என்று நான் எழுதிவிடுகிறேன். எனக்குப் பேச வராது, கோபம்தான் வரும்.

குழுவில் ஏழு பேர். எல்லோருக்கும் ஓசூரில்தான் பிழைப்பு. ஷிஃப்ட் ஒத்துவரும் நாட்களில் கல்யாண வரவேற்பு, திருவிழா, கம்பெனி விழா என்று போவோம். தமிழில் நாலு பாட்டு, தெலுங்கில் மூன்று, கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிவிட்டால் முழுக்கக் கன்னடம். நான் வார்ப்பிரும்புப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்டர். சரியில்லாத பாகத்தின் மேல் சிவப்புப் பெயிண்ட் அடித்து, என் எண்ணை எழுதி, ஓரமாகத் தள்ளுவது என் வேலை. மேடையில் பேஸ் வாசிப்பேன். பேஸ் இருக்கும்போது தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும் என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். எங்கள் குழுவில் இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியவில்லை. வினை அங்கேதான் வந்தது.

கீபோர்டுக்காரர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். முப்பது வயது மூத்தவர் மாதிரி நடந்துகொள்வார். ஒருநாள் ஒத்திகையில், குழுவை நடத்தும் அக்காவிடம் என் முன்னாலேயே சொன்னார்.

"அக்கா, பேஸ நான் இடது கையிலயே அடிச்சிடறேன். வண்டியில ஒரு சீட்டு மிச்சம்."

அக்கா பாடகி. ஓசூரில் ஃபேன்ஸி கடை வைத்திருக்கிறார். வளையல் பேரம் பேசுகிற மாதிரியே எல்லாவற்றையும் பேசுவார். "தம்பி, எனக்கே உன் சத்தம் கேக்கல. ஆயுதபூஜை புரோகிராம் வரைக்கும் பாக்கலாம். அன்னிக்கும் கேக்கலன்னா நீயே யோசிச்சுக்கோ."

சத்தம் கேட்காததற்குக் காரணம் என் வாசிப்பு இல்லை. சவுண்ட் சர்வீஸ்காரர்கள் எல்லாரும் பேஸுக்கான குமிழை இறக்கிவைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள். ஆகவே என் சத்தத்துக்கு நானே வழி செய்வது என்று முடிவெடுத்தேன். பதினைந்து அங்குல ஸ்பீக்கர் போட்ட பெட்டி ஒன்று பழையதாகக் கிடைத்தது. கிட்டாருக்கு முன்னால் வைக்கும் சின்ன ப்ரீ-ஆம்ப் ஏற்கெனவே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெட்டியை உதைத்து எழுப்ப ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

முதலில் பெங்களூர் போனேன். கடைப் பையன் ஒரு தட்டையான டப்பாவை எடுத்தான். "ஒந்தே கையல்லி எத்தபஹுது நோடி சார்" என்று ஒரே கையில் தூக்கியும் காட்டினான். புது மாதிரி சர்க்யூட், எடை இருக்காது, ஆனால் சக்தி முழுசாக வரும் என்றான். அந்த ஒரு கை எனக்குப் பிடிக்கவில்லை. பதினோரு வருடமாக இரும்போடு இருக்கிறேன். எடை குறைந்தால் உள்ளே ஓட்டை என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அடுத்து கிருஷ்ணகிரி. அங்கே ஒருவர் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கிறார். முதல் தடவை போனபோது அவர் காட்டியதும் லேசாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "சார், கனமா ஒண்ணு ரெடி பண்ணிருக்கேன், வாங்க." போனேன். தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. உடனே பிடித்துப்போயிற்று. இருந்தாலும் இன்ஸ்பெக்டர் புத்தி சும்மா இருக்காது. பக்கத்து மாங்காய் மண்டிக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். இருபத்து மூன்று கிலோ. மண்டிக்காரரே, "மல்கோவா கணக்கா இருக்குதே" என்றார். வாங்கிவிட்டேன்.

வாட்ஸ் எவ்வளவு, எத்தனை ஓம்ஸ் பெட்டிக்குத் தாங்கும், காற்று எந்தப் பக்கம் போகும் என்று எதையும் கேட்கவில்லை. ஒரு நட்டு வாங்கினாலும் மூன்று கருவி வைத்து அளக்கிறவன் நான்.

காவேரிப்பட்டினத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. டிரம்ஸ்காரரும் நானும் மூச்சு வாங்க அதை மேடையேற்றினோம். "இன்னா தம்பி, பேஸ் வாசிக்கப் போறியா, மாவு அரைக்கப் போறியா?" என்றார் கீபோர்டுக்காரர். முதல் பாட்டில் சத்தம் பிரமாதம். இரண்டாம் பாட்டில் சூடு. மூன்றாவது பாட்டின் பல்லவியில் சிவப்பு விளக்கு எரிந்து அது தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. மூடியின் மேல் தோசை ஊற்றலாம். கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே இடது கையை இறக்கினார். மீதிப் பாட்டு முழுக்க நான் ஊமைக் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றேன். கூட வந்திருந்த என் மனைவி போனில் வீடியோ எடுத்திருந்தாள். "நல்லாதான் வாசிச்சீங்க" என்றாள். அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் மூடியைக் கழற்றினேன். உள்ளே பாதி இடத்தில், ஃபேனுக்கு நேர் எதிரே, ஒரு வார்ப்பிரும்பு வளையம் இரண்டு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. அதன் மேல் சிவப்புப் பெயிண்ட். பெயிண்டின் மேல் என் எண். என் கையெழுத்து.

நான் வேண்டாம் என்று ஓரம் தள்ளி, பழைய இரும்புக்குப் போன சாமானை நானே மண்டித் தராசில் நிறுத்துப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

கிருஷ்ணகிரிக்குப் போய் அவர் மேசையில் அதை வைத்தேன். "இது இன்னாண்ணா?"

"வெயிட்டு."

"எதுக்கு வெயிட்டு?"

"உங்களுக்குத்தான். மொதல்ல இதே ஆம்ப்ளிஃபயரத்தான காட்டினேன்? ஒரு கையில தூக்கிப் பாத்துட்டு, 'பொம்மையாண்ணா?'ன்னு கேட்டுட்டுப் போனீங்க. நீங்கன்னு இல்ல சார், வர்றவங்க எல்லாருமே தூக்கித்தான் பாக்குறாங்க. எவனும் போட்டுக் கேக்குறதில்ல. இரும்ப வச்சேன், தராசுல வச்சுப் பாத்துக்கினு சிரிச்சிக்கினே போனீங்க. நானா நிறுக்கச் சொன்னேன்?"

திட்டுவதற்குத்தான் போனேன். கேள்விதான் வந்தது.

"ஃபேனுக்குக் குறுக்க வச்சிருக்கீங்களே, காத்து எப்படிப் போகும்?"

"கல்யாண வீட்டு மைக்குக்கு அது போதும் சார். நீங்க பேஸப் போட்டுச் சாவடிச்சிருக்கீங்க." அவரே போல்ட்டைக் கழற்றி, என் பெட்டிக்குத் தோதாக இணைப்பை மாற்றி, ஒரு மணி நேரம் ஓடவிட்டார். கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். "இரும்ப எடுத்துக்கினு போறீங்களா?" என்று கேட்டார்.

"அத நான் ஏற்கெனவே ஒரு தடவை வேணாம்னுட்டேன்" என்றேன்.

ஆயுதபூஜை. கெலமங்கலம் ரோட்டில் ஒரு கம்பெனி. காலை பதினோரு மணி. மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, அவற்றுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். அன்று எந்த மெஷினும் ஓடக் கூடாது. நான் ஆம்ப்ளிஃபயரை ஒரு கையில் தூக்கி வருவதைப் பார்த்து, "பாதி எங்கியாச்சும் விழுந்துருச்சா தம்பி?" என்றார் அக்கா. கீபோர்டுக்காரர் தன் ஸ்டாண்டைப் போன வாரமே அத்திப்பள்ளியில் மறந்துவிட்டு வந்தவர். பந்தல்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் மேசை வாங்கி, அதன்மேல் கீபோர்டை வைத்திருந்தார்.

நாலாவது பாட்டு, தெலுங்குக் குத்து. முதல் சுரத்தை அழுத்தினேன். கூரைத் தகரம் அதிர்ந்தது. பூஜை மேசையில் இருந்த பூசணிக்காய் மெதுவாக நகர ஆரம்பித்தது. அடுத்த கட்டடத்திலிருந்து சூப்பர்வைசர் ஓடிவந்தார். நேராகப் பெரிய பிரஸ் மெஷினிடம் போய், வாழைக்கன்றை விலக்கி, அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார். "யார்றா மெஷின ஓட்டுறது? இன்னிக்குத் தொடக் கூடாதுன்னு தெரியாது?" ஒருவரும் ஓட்டவில்லை. நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜனங்கள் ஆடினார்கள். என் பதினோரு வருடத்தில் என்னை ஒருவர் மெஷின் என்று நினைத்தது அன்றுதான்.

அன்று மாலையே அந்தக் குரல் பதிவு வந்தது. அக்கா கீழே ஒரே வரி எழுதினார்: "ஞாயித்துக்கிழமை ஒத்திகையில பேசி முடிச்சிக்கலாம்." பேசி முடிப்பது என்றால் என்னை முடிப்பது.

கீபோர்டு அண்ணா, நான் உங்களுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். என் பேஸ் அதிர்வில் உங்கள் பிளாஸ்டிக் மேசை நடந்ததைப் பார்த்தேன். கீபோர்டு உங்கள் மடியில் விழ இருந்ததையும் பார்த்தேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தனியாக அக்காவின் காதில் பேச வேண்டாம். ஏழு பேரும் உட்கார்ந்திருக்கும்போது மைக்கைப் பிடித்து, சத்தமாகப் பதில் சொல்லுங்கள்: அந்தத் தெலுங்குப் பாட்டு முடிகிறவரை உங்கள் இடது கை எதைப் பிடித்துக்கொண்டிருந்தது?