ஒப்புக்கொண்டாள் என்ற பொய்

வெள்ளைக்காரன் ஆட்சி முடிய இன்னும் சில வருஷங்கள் இருந்தன. நான் பட்டணத்தில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். கட்டுரைக்காக, பூந்தமல்லியில் காலமாகிவிட்ட ஒரு வக்கீலின் பெட்டியைக் குடைந்தபோது பழைய வழக்கொன்று அகப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஊரில் பேதி கண்டு பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். சூனியம் வைத்தாள் என்று ஒரு விதவையை அடித்திருக்கிறார்கள். இங்கிலீஷ் நகலில் 'அவள் ஒப்புக்கொண்டாள்' என்றிருந்தது. எழுதிக்கொண்டேன்.

மறுநாள் அதே காகிதக் கட்டுக்குள் தமிழ் மூலம் கிடைத்தது. "நான் வைத்தேன் என்று ஊரார் சொல்லுகிறார்கள்." அவள் சொன்னது அவ்வளவுதான். மொழிபெயர்த்தவர் ஊராரை விட்டுவிட்டார். காகிதத்தை நம்புமுன் யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்று கேட்க வேண்டும். அதை அன்று கற்றேன். கற்ற பெருமையோடு நேரே அந்த ஊருக்குப் போனேன்.

களத்தில் நெல் தூற்றியவர்களிடம், "சூனிய வழக்கில் வந்த அம்மாளின் குடும்பம் எது?" என்று கேட்டேன். அவர்களில் பாதிப் பேர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு கிழவர்தான் யோசித்துக் கை காட்டினார்.

அந்த விதவையின் மகள் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கூலிக்குக் கதிரறுப்பவள். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"யார்கிட்டயாச்சும் கேட்டியா சாமி?"

களத்தில் விசாரித்ததைச் சொன்னேன்.

"என் மருமவளுக்கே தெரியாது சாமி."

அடுத்த வாரம் போனபோது அவளை அறுப்புக்கு வரக் கூடாதென்று நிறுத்தியிருந்தார்கள். யார் வீட்டிலோ குழந்தைக்குக் காய்ச்சலாம். இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினேன். தமிழ் மூலத்தை உரக்கப் படித்தேன்.

"கோர்ட்டு காயிதத்துலயே கீதுன்றியே, அப்பால இன்னா?" என்றார் ஒருவர்.

"ஐயா, அவள் அப்படிச் சொல்லவே இல்லை!"

"ஒண்ணும் இல்லாமயா எழுதி வெச்சிருப்பான்?"

திரும்பத் திரும்பப் படித்தேன். தொண்டை கட்டிவிட்டது. ஒவ்வொருவராகத் தூற்றும் வேலைக்குத் திரும்பினார்கள்.

மூன்றாம் முறை போனபோது அவள் குடிசை இல்லை. கீற்றைக்கூடப் பிரித்து எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போயிருந்தாள். மாங்காட்டுப் பக்கம் போனதாக ஊரார் சொன்னார்கள். மாங்காடு, திருவேற்காடு என்று வாரக்கணக்கில் அலைந்தேன். எதைச் சொல்லி விசாரிப்பது? வழக்கைச் சொன்னால் அங்கேயும் அவளைத் துரத்துவார்கள். சொல்லாவிட்டால், கதிரறுக்கும் ஐம்பது வயதுப் பெண்ணை யாருக்கு அடையாளம் தெரியும்? ஒவ்வொரு தெருமுனையிலும் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றேன்.

கட்டுரையைப் பாராட்டினார்கள். அவளை நான் மறுபடி பார்க்கவே இல்லை.