உப்பளத்து வரப்பில் பெருமாள் ஓட்டிய கார்

போன வாரம் மகள் கார் வாங்குகிற நினைப்பில் கைப்பேசியில் லைசென்ஸுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்வியாக வாய்விட்டுப் படித்து ஆம், இல்லை என்று தட்டிக்கொண்டே போனாள்.

"சிவப்பு, பச்சை ரெண்டும் பிரிச்சுத் தெரியுமான்னு கேக்கான்ப்பா. இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று சிரித்தபடி ஆம் என்பதைத் தட்டினாள். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. வருத்தப்பட்டேன் என்றும் சொல்ல முடியாது. நெற்றியில் திருநீறு காய்ந்து லேசாக இழுத்தது, அது மட்டும் தெரிந்தது.

அந்தக் கேள்வியில்தான் என் அத்தை மகன் பெருமாள் நின்றுபோனான்.

எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஓட்டப்பிடாரத்துப் பக்கம் எங்கள் ஊர். படிப்பு ஏறாத இரண்டு பேரையும் தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் பார்த்த ஓர் அண்ணாச்சியிடம் சேர்த்துவிட்டார்கள். அவரிடம் ஓர் அம்பாசிடர் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே அது பழசு. முன்சீட்டு சோபா மாதிரி நீளமாக இருக்கும், மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கியர் ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கும். கதவைத் திறந்தால் பெட்ரோலும் ரெக்சினும் உப்பு ஈரமும் கலந்து ஒரு வாசனை வரும். கோயில் பிரகாரத்து வாசனைக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்தது அதுதான். சாமி தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

லைசென்ஸ் இல்லாத பையன்கள் வண்டி பழகுவதற்கு உப்பளம் மாதிரி இடம் கிடையாது. பாத்திகளுக்கு நடுவே லாரி போகிற அகலத்துக்கு வரப்பு. போலீஸ் வராது, ஆடு மாடு குறுக்கே வராது. அண்ணாச்சி ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். "ஏலே, உப்பளத்துக்குள்ள எப்படியும் உருட்டுங்க. லைசென்ஸு கையில வாரதுக்கு முன்ன தார் ரோட்டுல டயர் பட்டுச்சு, ரெண்டு பேரையும் பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்பிருவேன்."

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் திருப்பத்திலேயே முன்சக்கரத்தைப் பாத்திக்குள் இறக்கினேன். வெள்ளையாக உப்பு பூத்திருந்ததைக் கெட்டித் தரை என்று நினைத்துவிட்டேன். அடியில் சேறு. முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நின்று இரண்டு பேரும் தள்ளினோம்.

"மச்சான், வண்டியக் குளிப்பாட்டணும்னா சொல்லியிருக்கலாம்லா. நான் சோப்பு கொண்டாந்திருப்பேன்" என்றான் பெருமாள்.

அவன் ஓட்டினால் அப்படி இல்லை. சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றுவான். அந்த வண்டியில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் சக்கரம் திரும்ப யோசிக்கும். அவன் அதற்கும் முன்கூட்டியே யோசித்துவிடுவான். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், நடுவில் அவன் கதவுக்கு வெளியே ஒரு முழங்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு போவான். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் அண்ணாச்சிக்குத் தெரிந்தவர் ஒரு டிரைவர் கேட்டிருந்தார். அது பெருமாளுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். லைசென்ஸ் வர வேண்டியதுதான் பாக்கி. அத்தை அதை நம்பி அவனுக்குப் பெண்கூடப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

அப்போது டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். எனக்குச் சோதனை முடிந்து கையெழுத்தும் கிடைத்தது. பெருமாள் முன்னால் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். கலர் கலராகப் புள்ளிகள், நடுவில் ஓர் எண்.

"என்ன நம்பர் தெரியுது?"

"புள்ளி புள்ளியா இருக்கு சார்."

"நம்பரச் சொல்லுப்பா."

"நம்பர் எங்க சார் இருக்கு?"

விளையாடுகிறான் என்று நினைத்து அவன் தொடையில் கிள்ளினேன். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை, கையெழுத்துப் போட முடியாது என்றார்.

"சார், அந்தா செவத்துல எறும்பு போறதுகூட எனக்குத் தெரியுது சார்" என்றான் பெருமாள். அது நிஜம்தான். எனக்குத்தான் எறும்பு தெரியவில்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மிளகாய்ப் பழம் பறிக்கச் சொன்னால் காயையும் சேர்த்துப் பறித்துப் போடுவான். சோம்பேறி என்று அத்தை ஏசுவாள். நாங்கள் எல்லாரும் அதையே நம்பியிருந்தோம்.

அவன் பார்வைக்காக அத்தை அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து போடுவதாக நேர்ந்தாள். மூன்று பேரும் விரதமிருந்து போய்ச் செலுத்தினோம். அர்ச்சகர் கண்மலரை வாங்கி அம்மன் காலடியில் வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இனிக் கவலையில்லை என்று மறுபடியும் டாக்டரிடம் போனோம். அவர் அதே புத்தகத்தை எடுத்தார். பெருமாள் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தெளிவாக, "ஆறு" என்றான். டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டார்.

வெளியே வந்து கேட்டேன். "ஆறுன்னு எப்படிலே சொன்ன?"

"ஒண்ணும் தெரியல மச்சான். முருகனுக்கு ஆறு முகம்லா. சொல்லிப் பாத்தேன்."

அம்மன் மேல் எனக்கு அன்றும் குறையில்லை, இன்றும் இல்லை. பார்வை கொடு என்று கேட்டோம். பார்வை அவனுக்கு ஏற்கெனவே இருந்தது. வேறு எப்படிக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஏஜெண்டு ஆபீஸ் வேலை எனக்கு வந்தது. கலர் தெரியாதவன் கையில் வண்டியா என்று அண்ணாச்சி உப்பளத்துக்குள்ளும் அவனை ஓட்ட விடவில்லை. "நீ ஓட்டுலே. பாத்திக்குள்ள மட்டும் எறக்கிராத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பெருமாள் உப்பு மூட்டை தைக்கப் போனான். அதற்குப் பிறகு நான் ஓட்டிய வண்டிகள் எத்தனையோ. எதிலும் அவன் முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் ஏறிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருவான்.

அண்ணாச்சி காலமானதும் அவர் மக்கள் அம்பாசிடரைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அந்த உப்பளத்தைச் சுற்றி இப்போது ஏதோ கம்பெனி மதில். வாசலில் செக்யூரிட்டி நிற்கிறான்.

மகள் விண்ணப்பம் போட்ட மறுநாள் சாயர்புரத்தில் பெருமாளின் பலசரக்குக் கடைக்குப் போனேன். கடையில் ஆள் இல்லை. கரண்ட் போய் மின்விசிறியும் ஓடவில்லை.

"ஏலே, சட்டத்த மாத்திட்டாங்களாம். கலர் கொஞ்சம் முன்னப்பின்னத் தெரிஞ்சாலும் இப்பம் லைசென்ஸ் குடுக்காங்களாம். மக சொல்லுதா. போயி எழுதிக் குடுப்பமா?"

அவன் விசிறிக்கொண்டிருந்த அட்டையை நிறுத்தினான்.

"நெசமாவா?"

"நெசந்தாம்லே."

ரோட்டைப் பார்த்தான். வெள்ளை வெள்ளையாகக் கார்கள் போய்க்கொண்டிருந்தன, சத்தமே இல்லாமல்.

"வாங்கிட்டு எந்தக் கார மச்சான் ஓட்ட? நம்ம அம்பாசிடரத்தான் இரும்புக்குப் போட்டுட்டாங்கள்லா" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். மகள் வாங்கப்போகிற வண்டியின் பெயர் நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, அவன் கையிலிருந்த அட்டையை வாங்கி இரண்டு பேருக்கும் விசிற ஆரம்பித்தேன்.