கோமாரிக்குப் போன கோட் நம்பர்

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கொம்பியூட்டர் அடம்பிடித்தால் முதலில் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அதற்கும் சரிவராவிட்டால் எனக்குப் போன் எடுப்பார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் பாடம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். ஓய்வு என்பதெல்லாம் காகிதத்தில்தான். காலையில் இடியப்பம் பிழியும்போதே முதல் அழைப்பு வந்துவிடும்.

பெரிய வேலை ஒன்றும் இருக்காது. எழுத்து எறும்பு மாதிரித் தெரிகிறது என்பாள் ஒருத்தி. கன்ட்ரோலை அமத்திப் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டு, எழுத்து பெரிசாகும் என்பேன். ஈமெயில் தொலைந்துபோய்விட்டது என்பாள் இன்னொருத்தி. தொலையவில்லை, மேலே தேடுகிற பெட்டியில் அனுப்பினவரின் பெயரை எழுது, அங்கேயும் இல்லையென்றால் குப்பைப் பெட்டிக்குள் பார் என்பேன். கொம்பியூட்டர் நெருப்பாய்ச் சுடுகிறது என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பெட்டிக்குப் பூவேலை போட்ட பட்டுத் துணியில் உறை தைத்து, இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள். அது மூச்சுவிடுகிற ஓட்டையெல்லாம் அடைபட்டுக் கிடக்கிறது. கொம்பியூட்டருக்கு என்னத்துக்கு முக்காடு என்று கேட்டேன். வீட்டுக்காரிக்கு அன்றைக்கு முழுக்க என்னோடு கோபம்.

கடற்கரையில் இருக்கிற எங்களுக்கு இன்னொரு வில்லங்கம் உப்புக் காற்று. வயரின் முனை, மெமரி அட்டையின் பல் எல்லாம் துருப்பிடித்துப் போகும். பிள்ளைகளின் அழிறப்பரால் அதை மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினால் பாதி வருத்தம் தீர்ந்துவிடும். கடைக்காரர்களுக்கு இது தெரியும். ஆனால் சொல்லமாட்டார்கள். நான் எல்லாருக்கும் சொல்லிவிடுவேன். அதனால் கடைக்காரர்களுக்கும் என்னைக் கண்ணில் காட்டக்கூடாது.

இத்தனை சொல்லிக்கொடுத்தும் ஒரு விஷயத்தில் எங்கள் ஊர்ப் பெண்களோடு நான் மல்லுக்கட்டித் தோற்றேன். ஈமெயில் திறக்கும்போது ஒரு போன் நம்பர் கேட்கும். பாஸ்வேர்ட் மறந்துபோனால் அந்த நம்பருக்குத்தான் கோட் நம்பர் வரும். அந்த இடத்தில் எங்கள் பெண்கள் தங்கள் நம்பரைப் போடவேமாட்டார்கள். பொம்பிளையின் நம்பர் வெளியே போகக்கூடாதாம். புருஷனின் நம்பரைப் போடுவார்கள், அவன் இல்லாவிட்டால் காக்காவின், அதாவது அண்ணனின், நம்பர். புருஷன் கட்டாருக்கோ சவூதிக்கோ போய் சிம்மை மாற்றிவிடுவான். பழைய சிம்முக்கு ஒருத்தரும் ரீலோட் போடமாட்டார்கள், அது செத்துப்போகும், கம்பனி அந்த நம்பரை வேறு யாருக்காவது விற்றுவிடும். பிறகு திறப்பு ஊரான் வீட்டில், பூட்டு இவள் வீட்டில். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணி வற்றினதுதான் மிச்சம்.

மூன்று வீடு தள்ளி இருந்தவளுக்கும் அதுதான் நடந்தது. என்னிடம் படித்தவள்தான், ஆனாலும் டீச்சர் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, அக்கா முறை வைத்து ராத்தா என்பாள். அவளுடைய மனிசன் சவூதியில் நெடுங்காலம் வேலை செய்தார். அங்கேயே திடீரென்று மௌத்தாகி, அங்கேயே அடக்கிவிட்டார்கள். முகத்தைக் கூட இவள் பார்க்கவில்லை. சாமான் பெட்டி மட்டும் வந்தது. அதற்குள் இருந்த போன் கண்ணாடி நொறுங்கி, உயிர் இல்லாமல் கிடந்தது.

அவள் இத்தா இருந்த காலத்தில் எனக்கு ஆளனுப்பினாள். இத்தா என்றால் புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற காலம். அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். கடையிலிருந்து ஒருவன் கொம்பியூட்டர் பார்க்க உள்ளே வரவும் ஏலாது, இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகவும் ஏலாது. நான்தான் போகவேண்டும். வெள்ளை உடுத்து அறைக் கட்டிலில் இருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

விஷயம் இதுதான். போனில் பார்த்துக் கதைக்கிற வசதி வருவதற்கு முந்தி, அவர் கிழமைக்கு ஒருதரம் இவளுக்கு ஈமெயில் எழுதுவார். இவளுக்கு அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்ததும் லீவில் வந்த நேரம் அவர்தான். வீட்டுக் கொம்பியூட்டரில் அது எப்போதும் திறந்தபடியே கிடந்ததால் பாஸ்வேர்ட் என்னவென்று இவள் கேட்டுவைக்கவே இல்லை. பிறகு கொம்பியூட்டரைக் கடையில் கொடுத்து உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்து எடுத்தபோது கணக்கும் மூடிக்கொண்டது. அப்போது இவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. மனிசன்தான் ஒவ்வொரு நாளும் போனில் முகம் காட்டிக் கதைக்கிறாரே. கதைத்ததில் ஒன்றுகூடத் தங்காது என்று அப்போது யார் நினைத்தது?

நெடுங்காலம் திறக்காத ஈமெயிலையெல்லாம் கம்பனி அழித்துவிடுமாம் என்று யாரோ அனுப்பின குரல் பதிவு ஒன்றை இப்போது கேட்டிருக்கிறாள். இப்படி அனுப்பி அனுப்பி வருவதில் முக்கால்வாசி பொய், கேட்டதும் அழித்துவிடு என்று ஊருக்கெல்லாம் ஏசுகிறவள் நான். அன்றைக்கு ஏச முடியவில்லை. அது மெய்தான். கணக்குப் பார்த்தால் இவளுடையதற்குத் தவணை முடிகிற காலம் கிட்டத்தான் இருந்தது.

"ராத்தா, அவர அடக்கின கபுறும் இங்க இல்ல. அந்தக் கடிதமும் போச்செண்டா எனக்கிட்ட அவர்ர ஒண்டுமில்ல" என்றாள்.

என்ட ரப்பே என்று இறைவனைக் கூப்பிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டேன்.

பாஸ்வேர்ட் தெரியாதபோது வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்துப் பார்க்கக் கூடாது. பிழையாக அடிக்க அடிக்க அது இன்னும் இறுக்கிப் பூட்டிக்கொள்ளும். பழைய கொம்பியூட்டரில், பழைய வீட்டு இணைப்பிலிருந்து கேட்டால் கொஞ்சம் நம்பும். அதனால் என் போனைத் தொடாமல் அவளுடைய கொம்பியூட்டரிலேயே மறந்துவிட்டேன் என்ற இடத்தை அமத்தினேன். கோட் நம்பரை ஒரு போனுக்கு அனுப்பலாம், அனுப்பட்டுமா என்று கேட்டது. அந்தப் போன் நம்பரில் கடைசி இரண்டு எண்ணைத்தான் காட்டியது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு முழு நம்பரையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அவருடைய பழைய நம்பர்.

அந்த நம்பருக்கு என் போனிலிருந்து எடுத்தேன். அடித்தது. அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஓர் ஆண் குரல் ஹலோ என்றது. பின்னால் காற்று இரைந்தது. நான் யார், எங்கேயிருந்து எடுக்கிறேன் என்று சொன்னேன். அவர் கோமாரி என்ற கடற்கரை ஊர் ஆள், எங்களைப் போல் முஸ்லிம் இல்லை, தமிழர், கடல் தொழில். வலை இழுத்துப்போட்டு வந்து இருக்கிறேன் என்றார், நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார். இப்போது உங்கள் போனுக்கு ஒரு கோட் நம்பர் வரும், அதை எனக்குச் சொல்லவேண்டும் என்றேன். அவ்வளவுதான், குரல் மாறிவிட்டது.

"அக்கா, குறை நினைக்காதீங்க. கோட் நம்பர் வந்தா ஆர் கேட்டாலும் சொல்லப்படா. எனக்கு உங்கள ஆரெண்டு தெரியா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வீட்டில் மௌத்து விழுந்து ஒரு பெண் இப்படி இருக்கிறாள், இந்த மனிசன் சட்டம் கதைக்கிறாரே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் நான் கத்திக் கத்திப் படிப்பித்த பாடம் அது. உம்மா வாப்பா கேட்டாலும் சொல்லாதே என்றுதானே சொல்லுவேன். என் மாணவி ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பேன். அவர் போனை வைக்கப்போகிறார் என்று தெரிந்தது. மறு தரம் எடுத்தால் நம்பரைத் தடுத்துவிடுவார். அப்படித்தானே செய்யச் சொல்லி நான் படிப்பிப்பதும்.

அப்போது அவள் எழும்பி வந்து போனுக்குக் கையை நீட்டினாள். இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆணோடு கதைப்பதை எங்கள் தெருவில் சின்ன விஷயமாக எடுக்கமாட்டார்கள். தேவைக்குக் கதைக்கலாம் என்று மார்க்கம் படித்தவர்கள் சொல்வார்கள், தெருவுக்கு வேறு சட்டம். நான் வாசல் பக்கம் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுக் கையில் ஏந்திக்கொண்டாள்.

"அண்ணன், அது முந்தி என்ட மனிசன்ட நம்பர். அவர் மௌத்தாகிட்டார். சவூதியிலயே அடக்கிட்டாங்க. அவர் எனக்கு எழுதினதெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. உங்களுக்கு விருப்பமில்லாட்டி சொல்ல வேணாம். நான் கோபிக்கமாட்டன்."

பிறகு அவர், உங்கள் மனிசன்ட பேர் என்ன தங்கச்சி என்று கேட்டார். அவள் சொன்னாள். புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லி அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.

"ஓம், அந்தப் பேர்தான்" என்றார் அவர். "பெருநாள் வந்தாப் போதும், அந்தப் பேரக் கேட்டு ஆக்கள் எடுப்பாங்க. வெளிநாட்டுல இருந்தும் எடுப்பாங்க. அவர் இல்ல, நம்பர் பிழை எண்டு நான் வச்சிருவன். நீங்க அனுப்புங்க தங்கச்சி, நான் சொல்றன்."

அனுப்பினேன். கோமாரிக்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக வாசித்து முடிப்பதற்குள் அது காலாவதியாகிவிட்டது. கோட் நம்பருக்கு ஆயுசு குறைவு. திரும்ப அனுப்பினேன். இந்தமுறை அவர் தயாராக இருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். புதுப் பாஸ்வேர்ட் ஒன்று கேட்டது, அதை அவளையே அடிக்கச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கணக்கு திறந்தது. முழுவதும் அவர் பெயர். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

திறந்துவிட்டது என்று அவள் போனில் சொன்னாள். அவருக்கும் சந்தோசம்தான், குரலில் தெரிந்தது. பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். இந்த நம்பர் உங்களுக்கு வேண்டுமென்றால் சிம்மைக் கழற்றி உங்கள் பக்கம் வருகிற கல்முனை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், எனக்கு வேறு நம்பர் எடுக்கலாம் என்றார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஓம் என்பாள் என்றுதான் நினைத்தேன்.

"வேணாம் அண்ணன். நீங்களே வச்சிக்கங்க" என்றாள். "பெருநாளைக்கு ஆரும் அவரக் கேட்டு எடுத்தா நம்பர் பிழை எண்டு மட்டும் சொல்லிராதீங்க. அவர் மௌத்தாகிட்டார், அவருக்காக இறைவனிட்ட துஆ கேக்கட்டாம் எண்டு சொல்லுங்க."

சொல்கிறேன் தங்கச்சி என்றார் அவர்.

அதன் பிறகு செய்ததெல்லாம் என் வழக்கமான வேலை. திரும்பப் பூட்டிக்கொண்டாலும் பிழைக்க வழி வேண்டுமென்று நம்பரை மாற்றப் போனேன். அவளுடைய நம்பரைக் கேட்டால் அவளுக்கு அது மனப்பாடம் இல்லை, போனை எடுத்துப் பார்த்துச் சொன்னாள். வெளியே போகுமே என்று முனகவும் இல்லை. அவர் எழுதினதையெல்லாம் ஒரு பெட்டிக்குள் ஒதுக்கி, பென் டிரைவ் ஒன்றிலும் ஏற்றிக்கொடுத்தேன். எழுத்தைப் பெருப்பித்துவிட்டேன். மாதத்தில் ஒருநாள் சும்மாவேனும் திறந்து பார், அப்போதுதான் உயிரோடு இருக்கும் என்று சொன்னேன்.

ஏற்றும்போது ஒன்றிரண்டு வரி என் கண்ணிலும் பட்டது. பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. அங்கே மழையா, கூரை ஒழுகினால் அந்தப் பச்சைத் தகரத்தை எடுத்துப் போடச் சொல்லு. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா. நேற்று மீன் ஆக்கினேன், உன்னுடையது மாதிரி வரவில்லை. அவள் அதை வாசித்து வாய்விட்டுச் சிரித்தாள். மௌத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு அழுதாள், நானும் கூட இருந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இத்தா முடிந்து, அந்த வருஷத்து ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. பெருநாளன்று பின்னேரம் என் போனுக்குக் கோமாரியிலிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. அவளுடைய நம்பர் அவரிடம் இல்லை, என்னுடையதுதான் இருந்தது. நான் தனியாகக் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். குசினியில் வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். போட்டேன்.

"அக்கா, அந்தத் தங்கச்சிக்கிட்டச் சொல்லுங்க. இண்டைக்கு சவூதியில இருந்து ஒருத்தர் எடுத்தார். நான் சொன்னன். அவருக்குத் தெரியாதாம் அக்கா, முந்தி ஒரே அறையில கிடந்த ஆக்களாம், இவர் பிறகு வேற ஊருக்கு மாறிட்டாராம். பெரிய மனிசன், கதைக்க ஏலாம அழுதார். அவர் அழுது முடியுமட்டும் போன வைக்காம நிண்டன்."