வெற்றிடத்தில் ஒரு கூச்சல்

அச்சகத்தில் அவரை 'குறில்' என்பார்கள். அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்துவது அவர் வேலை. உயரமும் சற்றுக் குறைவு. நெடிலாக வளரத் தமக்கு ஒரு மாத்திரை போதவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பள்ளி இயற்பியல் நூல்களை எழுத்தெழுத்தாகப் படித்துப் படித்து, விண்வெளி தமக்கு அத்துப்படி என்று குறில் நம்பினார். அந்த ஞானமும் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்கு மேற்பட்ட நூல்களை அச்சகம் அடித்ததில்லை.

ஞானத்தின் சுமை முழுவதும் மனைவியின் காதில் இறங்கியது. திரையரங்கில் படம் பார்க்கும்போது விண்கலம் கிளம்பியதும் குறில் தொடங்கிவிடுவார்: காற்றில்லாத இடத்தில் விண்மீன் கண்சிமிட்டாது, எந்திரம் உறுமாது, நிலவில் இறங்கியவன் கடைத்தெருவுக்குப் போவதுபோல் நடக்கமாட்டான். ஒருமுறை நாயகி விண்கலத்தில் அழ, மனைவியும் சேர்ந்து கண்ணைத் துடைத்தபோது, "கண்ணீர் அப்படி வழியாது, உருண்டையா கண்ணுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்" என்று திருத்தினார். அன்றோடு மனைவி உடன்வருவதை நிறுத்திவிட்டார். குறில் தனியே போய்ப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிப் பார்த்தார். அவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

திரைப்படச் சங்கத்தில் பழைய விண்வெளிப் படம் ஒன்று வந்தபோது, குறில் மனைவியிடம் கெஞ்சிக் கூத்தாடினார்.

"வரேன். ஆனா வாயைத் திறந்தீங்க, அதுதான் நாம சேர்ந்து பாக்குற கடைசிப் படம்."

"மூச்சு விடலாமா?"

"மூக்கால விடுங்க."

படம் ஓடியது. விண்மீன்கள் கண்சிமிட்டின, குறில் உதட்டைக் கடித்தார். நிலவில் கொடி படபடத்தது, கைப்பிடியை இறுக்கினார். மனைவி ஓரக்கண்ணால் பார்த்து மெச்சுவதுபோல் தலையசைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும்.

அப்போது கலம் வெடித்துச் சிதறியது. வெளியே வீசப்பட்ட ஒருவன் வாய்பிளந்து அலறினான். அரங்கில் பொட்டுச் சத்தம் இல்லை.

குறில் துள்ளி எழுந்தார். "ஆபரேட்டர்! சத்தம் போச்சு! ஸ்பீக்கரைப் பாருங்க!"

படம் நின்றது. விளக்குகள் எரிந்தன. ஆபரேட்டர் சிறு சன்னலில் தலையை நீட்டினார்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு சார். படமே அப்படித்தான்."

மனைவி அவர் சட்டை நுனியை இழுத்தார். "என்னங்க, அங்க காத்து இருக்கா?"

குறிலுக்கு உறைத்தது. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு படம் சரியாகச் சொன்னதை, சிவப்பு மையால் அடித்துவிட்டு நிற்கிறோம்! இதையே அச்சகத்தில் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

"உக்காருங்க சார், கலம் மறுபடி வெடிக்கணும்" என்றது பின்வரிசைக் குரல். அரங்கம் சிரிப்பில் குலுங்கியது.

உட்கார்ந்தார். மனைவி எழுந்து போகும் காலடி ஓசைக்காகக் காத்திருந்தார். கேட்டதோ, கைக்குட்டையை வாயில் அடைத்தும் அடங்காத சிரிப்பு.

"வாயைத் திறந்துட்டேன்" என்றார் பரிதாபமாக.

"ஊருக்கே கேட்டுச்சு. அடுத்த வாரம் என்ன படம்?"

"கப்பல் படம்."

"வரேன். அதுல எந்த இடத்துல எழுந்து நிப்பீங்கன்னு பாக்கணும்."